கட்டிப்பிடித்தால் தள்ளிவிடுகிறான்

வணக்கம்.

என் தம்பி மகனுக்கு நான்கு வயது. ஆட்டிசம் என்று சென்ற ஆண்டு சொன்னார்கள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆசையாகக் கட்டிப்பிடித்தால் தள்ளிவிட்டு ஓடுகிறான். அவனே என்னிடம் வந்து "தண்ணி வேணுமா?" என்று கேட்கிறான்; "எனக்கு வேண்டாம்டா கண்ணு" என்றால் அழுகிறான். போன மாதம் ஒரு பிறந்தநாள் கூட்டத்தில் காதைப் பொத்திக்கொண்டு அலறி, தரையில் தலையை முட்டிக்கொண்டான். சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். தம்பி மனைவி அதன் பிறகு எங்கும் வருவதில்லை. அவன் மேல் உயிரையே வைத்திருக்கிறேன், ஆனால் அதை அவனிடம் எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. மற்றவர்களுக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது?

ஓர் அத்தை

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தத் தண்ணீர் வரிதான். அவன் உங்களுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று விசாரிக்கவில்லை. தனக்குத் தண்ணீர் வேண்டும் என்கிறான். தாகம் எடுத்தபோதெல்லாம் யாராவது அவனிடம் "தண்ணி வேணுமா?" என்று கேட்டிருப்பார்கள், உடனே தம்ளர் வந்திருக்கும். தண்ணீரை வரவழைக்கும் சொல் இதுதான் என்று அந்த ஓசையை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான். இதற்கு எக்கோலேலியா என்று பெயர். 1943இல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிச நிலையில் இருந்த 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இது பதிவாகியிருக்கிறது: 'நான்', 'நீ' என்பவற்றைக் கேட்டபடியே திருப்பிச் சொல்வது. கீழே விழுந்து அடிபட்ட குழந்தை "அழக் கூடாது, ஒண்ணும் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நின்றால், 'வலிக்கிறது' என்று அர்த்தம்.

"அப்படிக் கேக்கக் கூடாது, எனக்கு வேணும்னு சொல்லு" என்று திருத்தாதீர்கள். அவன் சொல்ல வேண்டியதை அவன் இடத்திலிருந்து நீங்கள் சொல்லுங்கள்: "தண்ணி வேணும்." சொன்ன கையோடு தம்ளரைக் கொடுங்கள். சரியாகச் சொன்னால்தான் தருவேன் என்று பிடித்து வைத்தால், பேசியும் பயனில்லை என்பதைத்தான் அவன் கற்றுக்கொள்வான். பல பிள்ளைகள் அதோடு பேச்சை விட்டுவிட்டுக் கத்தலுக்குத் திரும்புகிறார்கள்.

இனி அந்த அணைப்பு. அவன் தள்ளுவது உங்களை அல்ல, அந்தத் தொடுதலை. ஆட்டிச நிலையில் உள்ள பலருக்கு ஒலி, ஒளி, வாசனை, தொடுதல் எல்லாம் மற்றவர்களுக்கு இருக்கும் அளவில் இருப்பதில்லை. சிலது மிகையாகவும் சிலது குறைவாகவும் வந்து சேர்கிறது. எதிர்பாராத லேசான தொடுதல் சிலருக்கு எரிச்சலாகவும் வலியாகவும் இருக்கும். கன்னத்தை வருடுவது, தலையைக் கோதுவது, பின்னால் வந்து தூக்குவது எல்லாம் நமக்குக் கொஞ்சல், அவனுக்குத் திடுக்கிடல். அதே பிள்ளை கனமான போர்வைக்குள் சுருண்டுகொள்வான், மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே போய்ப் புகுந்துகொள்வான். அழுத்தமான, சீரான தொடுதல் அவர்களில் பலருக்குப் பிடிக்கும். ஆகவே அவன் கண்ணில் படும்படி முன்பக்கமாக வாருங்கள், அவன் உயரத்துக்குக் குனியுங்கள், உள்ளங்கையை நீட்டிவிட்டுக் காத்திருங்கள். அவனாக வந்து முதுகைச் சாய்த்தால், தோள்களை இரண்டு கையாலும் அசைக்காமல் கொஞ்சம் அழுத்தமாகப் பிடியுங்கள். விலகினால் உடனே விடுங்கள். உடனே விடுகிறவர் என்று தெரிந்தவரிடம்தான் மறுபடி வருவான். முகத்தைத் திருப்பிக் கண்ணைப் பார்க்கச் சொல்லவும் வேண்டாம். பார்த்துக்கொண்டே கேட்பது அவனுக்கு இரண்டு வேலை.

பேசும்போது முதலில் பெயர், பிறகு இரண்டு மூன்று சொல்லில் ஒரு செய்தி, அதன்பின் மௌனம். மனதுக்குள் 10 வரை எண்ணுங்கள். இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். மூன்று நொடியில் பதில் வராவிட்டால் அதையே வேறு வார்த்தைகளில் கேட்பார்கள். முதல் வாக்கியத்தைப் பாதி புரிந்துகொண்டிருந்த பிள்ளை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். திருப்பிச் சொல்வதானால் அதே சொற்களில் சொல்லுங்கள். "ஓடாதே" என்பதைவிட "மெதுவா நட" நல்லது. செய்யக் கூடாததை மட்டும் சொன்னால், என்ன செய்வது என்பதை அவனே ஊகிக்க வேண்டும்.

அந்தப் பிறந்தநாள் கூட்டத்தில் நடந்தது பிடிவாதம் அல்ல. பிடிவாதம் பிடிக்கும் பிள்ளை நடுவில் ஓரக்கண்ணால் பார்ப்பான், கேட்டது கிடைத்ததும் நிறுத்துவான். இது மெல்ட்டவுன், தாங்க முடியாமல் உடைந்துபோவது. அது அப்படியில்லை. பலூன் வெடிப்பு, கைதட்டல், மைக், முன்பின் தெரியாத முப்பது முகங்கள் என்று தாங்கும் எல்லையைத் தாண்டிக் கொட்டியிருக்கிறது. அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் நிற்காது, மிரட்டினால் கூடும். ஒருவர் மட்டும் அருகில் இருந்து, மற்றவர்களை வெளியே அனுப்ப வேண்டும். விளக்கையும் சத்தத்தையும் குறைத்து, பேச்சை நிறுத்த வேண்டும். தலையை முட்டினால் கையையோ தலையணையையோ இடையில் வையுங்கள்; கட்டிப்பிடித்து அடக்காதீர்கள். அடங்கிய பிறகும் உடனே "ஏன் அப்படிப் பண்ணே?" வேண்டாம், அவனுக்குள் களைப்பு நெடுநேரம் இருக்கும். தலை முட்டுவது புதிதாகத் தொடங்கியிருந்தால் காது வலி, பல் வலி, மலச்சிக்கல் இருக்கிறதா என்று முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை அதை இப்படித்தான் காட்டும். 'ஆட்டிசத்தால்தான்' என்று ஒதுக்கிவிடுவதால் காதுப் புண்கள் கவனிக்கப்படாமலே போகின்றன.

ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதச் சொல்லுங்கள்: நேரம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, என்ன செய்தான், பிறகு நாம் என்ன செய்தோம். முந்தின இரவுத் தூக்கத்தையும் மலம் கழித்ததையும் சேர்த்து எழுதினால், காரணம் பெரும்பாலும் தானே தெரியவரும். அடுத்த கூட்டத்துக்குச் சத்தம் குறைக்கும் ஹெட்போன் உதவும். ஆனால் அதைக் கூட்டத்தில் முதன்முதலாக மாட்டினால் பிய்த்து எறிவான். முன்னதாகவே வீட்டில், பிடித்த விளையாட்டின்போது, தினமும் சில நிமிடம் பழக்க வேண்டும். 20 நிமிடம் இருந்துவிட்டு, அவன் நன்றாக இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். அழ ஆரம்பித்த பிறகு கிளம்பினால், வெளியேற அழுகைதான் வழி என்று ஆகிவிடும்.

படஅட்டை பற்றி நீங்கள் கேட்கவில்லை. என்றாலும் ஓர் அத்தை தன் கையால் செய்து கொடுக்கக்கூடிய சிறந்த பரிசு அதுதான். அடுத்து என்ன வரும் என்று தெரியாததுதான் இந்தப் பிள்ளைகளின் பெரும் பதற்றம். வாய்ச்சொல் காற்றில் போய்விடும், படம் கண்முன் நிற்கும். அவன் பயன்படுத்தும் பொருள்களையே படம் எடுங்கள்: அவன் பல்துலக்கி, அவன் செருப்பு, அவன் ஊஞ்சல். பின்னணி வெறுமையாக இருக்கட்டும். பூப்போட்ட மேசைவிரிப்பின் மேல் தம்ளரை வைத்து எடுத்தால் அவன் பூவைப் பார்க்கக்கூடும். 5 செ.மீ. சதுரமாக வெட்டி லேமினேட் செய்து, பின்னால் வெல்க்ரோ ஒட்டுங்கள். தொடக்கத்தில் இரண்டே படம்: 'முதலில்', 'பிறகு'. முதலில் பல் துலக்கல், பிறகு ஊஞ்சல். அவன் கண் உயரத்தில் மாட்டி, முடிந்ததை அவன் கையாலேயே எடுத்து 'முடிந்தது' என்ற பெட்டியில் போடச் செய்யுங்கள். இது பழகியபின் மூன்று, நான்கு என்று கூட்டலாம்.

சொன்ன ஊஞ்சலைக் கொடுக்காமல் "இன்னும் ஒண்ணு முடிச்சிட்டு" என்று நீட்டினால், அட்டை பொய் சொல்லும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். பிடிக்காத வேலைகளை மட்டும் வரிசையாக ஒட்டினால் கிழித்துப் போடுவான். இன்னொன்று: பிள்ளை அமைதியாகிவிட்டான், இனி எதற்கு என்று இரண்டு மாதத்தில் கழற்றுவார்கள், அந்த அமைதியே அட்டையால் வந்தது. திட்டம் மாறும் நாளுக்காகத் தனி நிறத்தில் ஒரு 'மாற்றம்' அட்டை வையுங்கள். அதை முதல் சில தடவை நல்ல மாற்றத்துக்கே பயன்படுத்துங்கள், குளியலுக்குப் பதில் குமிழி ஊதுவது போல. இல்லாவிட்டால் அந்த நிறத்தைக் கண்டாலே அலறுவான். படம் காட்டினால் பேச்சு வராமல் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். படமும், பேச்சுக்குப் பதிலாக உதவும் கருவியும் பேச்சைத் தடுப்பதில்லை என்பதே ஆய்வுகள் காட்டுவது. சில பிள்ளைகளுக்குப் பேச்சு கூடவும் செய்கிறது.

இப்போது சொந்தக்காரர்கள். உங்கள் தம்பி மனைவிக்கு விழுந்த அடி பழைய அடி. தாயின் பாசக் குறைவால் ஆட்டிசம் வருகிறது என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் நம்பியது, பல தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். 1964இல் உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட் அதை மறுத்து விரிவாக எழுதினார். அவரும் ஆட்டிச நிலையில் உள்ள ஒரு மகனின் தந்தை. மரபணுக்களின் பங்கு பெரிது என்பது பின்னால் இரட்டையர் ஆய்வுகளில் தெளிவானது. தடுப்பூசியால்தான் ஆட்டிசம் வருகிறது என்ற பேச்சு எழுந்தால் இதைச் சொல்லுங்கள்: அந்தப் பேச்சைக் கிளப்பிய, 12 பிள்ளைகளை வைத்து 1998இல் வந்த கட்டுரையை வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது, எழுதிய முதன்மை ஆசிரியர் மருத்துவர் பதிவிலிருந்து நீக்கப்பட்டார். உலோகத்தை உடம்பிலிருந்து எடுக்கும் கீலேஷன், வெளுப்புத் திரவம் குடிக்க வைப்பது போன்ற 'குணப்படுத்தல்'களை யாராவது கொண்டுவந்தால், தயவு பார்க்காமல் தடுத்து நில்லுங்கள். கீலேஷன் செய்யப்போய் 2005இல் ஒரு சிறுவன் இறந்தே போனான். ஆட்டிசம் மருந்தால் கரைகிற நோயல்ல. மொழிப் பயிற்சி, அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, சிறப்புக் கல்வி எல்லாம் அவன் வாழ்வை எளிதாக்கும். அவனை வேறொருவனாக மாற்றுவது அவற்றின் வேலை அல்ல.

ஆட்டிசத்துக்குத் தமிழில் வழங்கும் 'மதியிறுக்கம்' என்ற சொல்லை நான் தவிர்க்கிறேன். கேட்பவருக்கு மதியில் குறை என்று ஒலிக்கிறது. இவர்களில் அறிவுத்திறன் குறைந்தவர்களும் உண்டு, மிகுந்தவர்களும் உண்டு.

ஏப்ரல் 2 ஐக்கிய நாடுகள் அவையின் உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள், 2008 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. நல்லதுதான். ஆனால் உங்கள் மருமகனைச் சுற்றி இருக்கும் பத்துப் பேருக்குத் தெரிந்தால்தான் அவனுக்குப் பயன். பெரியவர்களுக்கு மூன்றே வாக்கியம் போதும்: "சத்தம் அவனுக்கு வலிக்கும். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவனைப் பற்றி அவன் முன்னால் பேசாதீர்கள்." பேசாத பிள்ளைக்குக் காது கேட்கிறது. பிள்ளைகளிடம், "அவன் கையை ஆட்டுறது சந்தோஷத்துல, இல்லைன்னா பதற்றத்துல. நிறுத்தச் சொல்ல வேண்டாம்" என்றால் பெரியவர்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள்.

எல்லோரும் தெரிந்திருக்க வேண்டியது இன்னொன்று. இந்தப் பிள்ளைகளில் பலர் சொல்லாமல் வெளியே போய்விடுவார்கள், தண்ணீர் அவர்களை இழுக்கும். கதவில் அவன் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வேண்டும், வாளியிலும் தொட்டியிலும் தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது, சட்டையின் உள்பக்கம் ஒரு தொலைபேசி எண் இருக்க வேண்டும். காணவில்லை என்றால் முதலில் அருகிலுள்ள நீர்நிலைக்கு ஓடுங்கள், பிறகு மற்ற இடம். கூப்பிட்டால் பதில் தர மாட்டான், ஆகவே கண்ணால் தேடுங்கள்.

அடுத்த முறை போவதற்கு முந்தின நாள் உங்கள் புகைப்படத்தை அனுப்பி அவன் படவரிசையில் ஒட்டச் சொல்லுங்கள். வாசனைத் திரவியம் வேண்டாம். போனதும் தம்பி மனைவியிடம் "ரெண்டு மணி நேரம் நான் பாத்துக்கறேன், நீ படு" என்று சொல்லிவிட்டு, அவனிடமிருந்து ஒரு கை தள்ளித் தரையில் உட்காருங்கள். அவன் கார்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பான். அந்த வரிசையைத் தொடாதீர்கள். நீங்கள் கொண்டுபோன நான்கு கார்களை உங்கள் முன்னால் அதேபோல் அடுக்குங்கள், ஒன்றும் பேசாமல். ஐந்தாவது காரை அவன் எடுத்து வந்து உங்கள் வரிசையில் வைக்க ஒரு வாரமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம்.