மீன் தொட்டிக்குப் பின்னால என்ன போடலாம்? என்னைக் கேட்டா மேட் கறுப்பு

வெள்ளவத்தை பிளாட்டுக்கு 2½ அடி தொட்டி எடுத்திருக்கிறீங்கள், கப்பியும் செரி பார்பும் விடப்போறீங்கள், கடைக்காரர் பவளப்பாறைப் படம் போட்ட போஸ்டரைப் பின்னால ஒட்டச் சொல்லுறார், ஒட்டலாமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். ஒட்டாதேங்கோ. கறுப்பு போடுங்கோ, அதுவும் மினுங்காத மேட் கறுப்பு.

செரி பார்ப் எங்கட இலங்கை நாட்டுச் சின்ன மீன், இயற்கையா வேற எந்த நாட்டிலயும் இல்லை. களனி கங்கையில இருந்து நில்வளா கங்கை வரைக்கும் இருக்கிற ஈரவலயத்துச் சின்ன ஓடைகளில, மர நிழலுக்குக் கீழ, இலை குழை உக்கிக் கிடக்கிற மங்கலான தண்ணிக்குள்ள சீவிக்கிற மீன் அது, அதுக்குப் பின்னால பளீரெண்டு நீலக் கடலும் பவளமும் நிண்டா பாக்கிற ஆளுக்கும் ஒட்டாது மீனுக்கும் ஒட்டாது. இன்னொரு காரணமும் இருக்கு. மீனின்ர தோலில கறுப்பு நிறமி இருக்கிற செல்கள் இருக்கு, சுத்திவர வெளிச்சமா இருந்தா அந்த நிறமி செல்லுக்குள்ளயே ஒரு புள்ளியா ஒடுங்கிப்போகும், இருட்டா இருந்தா பரவி விரியும். கடையில வெள்ளைக் கல்லுக்கு மேல வெளிறிப்போய் நிக்கிற மீன் கறுப்புப் பின்னணியும் கடும் நிற மணலும் இருக்கிற தொட்டிக்கு வந்தாப் பிறகு கோடு தெளிஞ்சு வடிவா வாறதுக்கு இதுதான் காரணம். ஆண் செரி பார்பின்ர சிவப்பு கறுப்புக்கு முன்னால எவ்வளவு எடுப்பா தெரியும் எண்டு நீங்களே பாப்பீங்கள். பில்டர் குழாய், வயர் எல்லாம் கறுப்போட கறுப்பா மறைஞ்சிடும், பின் கண்ணாடி எங்க முடியுது எண்டே தெரியாததால தொட்டியும் ஆழமாத் தெரியும். கிரிப்டோகொரைன் எண்ட தண்ணிச் செடி கிடைச்சா பின்வரிசையில நடுங்கோ, அதிலயும் கன வகை எங்கட நாட்டுக்கே உரியது.

கறுப்பில குறை இல்லையெண்டு சொல்லமாட்டன். தண்ணி வத்துற இடத்தில படியிற வெள்ளை உப்புக்கறை நல்லாத் தெரியும், துடைச்சுக்கொண்டே இருக்கவேணும். பின்னால கறுப்பு இருந்தா கண்ணாடி உள்பக்கம் முகம் பாக்கிற கண்ணாடி மாதிரி வேலை செய்யும், அதால பிறகு எப்பவாவது ஃபைற்றர் மீன் வளக்கிற எண்ணம் இருந்தா பின்பக்கம் செடியால அடைச்சுவிடுங்கோ, இல்லாட்டி தன்ர உருவத்தோடயே சண்டை பிடிச்சுக் களைச்சுப்போகும்.

எப்பிடிப் போடுறது? தொட்டி இன்னும் வெறுமையா இருக்கெண்டா பெயின்ற் தான் என்ர தெரிவு. ஹாட்வெயாரில சின்ன டின் மேட் கறுப்பு எமல்ஷனும் ஸ்பொன்ஞ் ரோலரும் வாங்கி, பின் கண்ணாடியின்ர வெளிப்பக்கத்தை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமத் துடைச்சு, ஓரத்துக்கு டேப் ஒட்டி, மெல்லிசா ஒரு பூச்சு பூசி நல்லாக் காயவிட்டு அடுத்த பூச்சு, இப்பிடி ரெண்டு மூண்டு தரம், லைற்றைப் பின்னால பிடிச்சுப் பாத்தா ஓட்டை தெரியக்கூடாது. வெளிப்பக்கம் மட்டும், உள்ளுக்கு ஒருநாளும் பெயின்ற் வேண்டாம். பிறகு பிடிக்காட்டி பிளேட்டால சுரண்டினா போயிடும். வாடகை வீடு, அடிக்கடி மாத்துவம் எண்டு நினைக்கிறீங்களெண்டா யன்னலுக்கு ஒட்டுற கறுப்பு ஸ்டிக்கர் வாங்கி, சவுக்காரத் தண்ணி தெளிச்சு ஒட்டி, பழைய பாங்க் கார்ட்டால நடுவில இருந்து வெளிய தள்ளினா குமிழி வராது. நிறத்தில சந்தேகம் இருந்தா முதல்ல கறுப்பிலயும் கடும் நீலத்திலயும் பிறிஸ்டல் போட் மட்டை வாங்கி மாறி மாறி வச்சு, பகலிலயும் இரவு லைற் போட்டும் பாருங்கோ, ஆனா அதையே நிரந்தரமா விடாதேங்கோ, கொழும்பு ஈரக்காத்துக்கு வளைஞ்சு பூஞ்சணம் பிடிச்சிடும்.

கடும் நீலமும் பிழையில்லை, ஆபிரிக்காவின்ர மலாவி ஏரிச் சிக்லிட் மாதிரி மீனுக்கு அது நல்லாவே இருக்கும். வெள்ளை, பனிக்கண்ணாடி ஸ்டிக்கர் எல்லாம் செடி நிறைய வச்சு அழகுபடுத்துறவைக்குச் சரி, புதுத் தொட்டியில வாற மண்ணிறப் பாசி அதில அப்பிடியே தெரியும்.

3டி பாறைப் பின்னணி 2½ அடிக்கு வேண்டவே வேண்டாம். ரெண்டு மூண்டு அங்குலம் இடத்தைத் திண்டிடும், பின்னால இடைவெளி விட்டா சின்ன மீன் போய் மாட்டிச் செத்துக் கிடக்கிறதும் தெரியவராது.

வீட்டில பிள்ளையள் படம் தான் வேணும் எண்டு நிண்டா, பவளத்தை விட்டுட்டு ஆத்துச் செடி, மரவேர் இருக்கிற படமா எடுங்கோ. கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில காத்து நிண்டா வெள்ளி மாதிரி மினுங்கும், அதுக்கு கண்ணாடியின்ர வெளிப்பக்கம் கிளிசரின் மெல்லிசாத் தடவி ஒட்டி, நாலு பக்கமும் டேப் அடிச்சு மூடுங்கோ, முக்கியமா மேல் ஓரம், தண்ணி மாத்தேக்க வழியிறது அதுக்குள்ளால தான் இறங்கும்.