ஊசி போட்ட பிறகும் மணிக்கட்டு வலி திரும்புவது ஏன்?

கேள்வி: எனக்கு 31 வயது, ஏழு மாதக் கைக்குழந்தை இருக்கிறது. வலது பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் வந்த வலியை ‘டி குவெர்வெய்ன்’ என்று சொல்லி ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். வலி முழுவதும் நின்றது. மூன்று மாதம் கழித்து மீண்டும் வந்திருக்கிறது. இன்னொரு ஊசி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: போட்டுக்கொள்ளலாம். ஆனால், வலி ஏன் திரும்பியது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

பெருவிரலை விரிக்கவும் நிமிர்த்தவும் செய்கிற இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்துவிட்டால், விரலை அசைக்கும்போதெல்லாம் தசைநாண்கள் அதில் உராய்ந்து வலிக்கும். ஊசி மருந்து வலியையும் வீக்கத்தையும் தணிக்கும் என்றாலும், உறைக்குச் சிரமம் கொடுத்த வேலை அப்படியே தொடர்ந்தால் வலி திரும்பத்தான் செய்யும். குழந்தையின் அக்குளில் இரு கைகளையும் கொடுத்துத் தூக்கும்போது பெருவிரல்கள் விரிந்து நிற்க, பாரம் முழுவதும் அந்த இடத்தில்தான் இறங்குகிறது. குழந்தையின் எடையோ மாதந்தோறும் கூடுகிறது. இனிமேல் ஒரு கையைப் பிட்டத்துக்கு அடியிலும் மற்றதை முதுகிலும் கொடுத்து, பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துக்கொண்டு, முன்கையின் பலத்தில் தூக்குங்கள். பால் கொடுக்கும்போது குழந்தையின் தலை, மடியில் வைத்த தலையணையின் மேல் உங்கள் முழங்கை மடிப்பில் இருக்கட்டும். துணி பிழிவதைச் சில வாரங்களுக்கு வீட்டில் மற்றவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். இதைக் கேட்க நீங்கள் தயங்கவே கூடாது.

மணிக்கட்டை மட்டும் சுற்றும் பட்டை இதற்குப் போதாது. பெருவிரலையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் ஸ்பிளிண்ட்டைத்தான் சில வாரங்கள் அணிய வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. சிலருக்கு அந்த உறைக்குள் பிறவியிலேயே ஒரு தடுப்பு இருக்கும். அப்போது மருந்து ஓர் அறைக்குள் மட்டும் போய், மற்றத் தசைநாணைச் சேராமல் போகலாம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் இந்தத் தடுப்பைப் பெரும்பாலும் கண்டறியலாம் என்பதால், அடுத்த ஊசியை ஸ்கேன் பார்த்துக்கொண்டே போடச் சொல்லிக் கேளுங்கள். கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டு சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றக்கூடும்.

திரும்பத் திரும்ப ஊசி போட்டுக்கொண்டே போவதை நான் ஏற்கமாட்டேன். அந்த இடத்துத் தோல் வெளுத்து மெலியலாம், தசைநாணும் பலவீனமாகலாம். இரண்டாவது ஊசிக்கும் வலி அடங்காவிட்டால், கை அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, உறையைத் திறந்துவிடும் சிறிய அறுவை சிகிச்சை அது. பொதுவாக அன்றே வீடு திரும்பிவிடலாம்.