அணுக்கள் உரசும் இடத்தில் ஆராய்ச்சி: சேலம் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

அணு அளவில் உராய்வைக் கணினியில் கணக்கிடுவது என் வேலை. சேலத்துக்காரன் என்பதால் நம் பக்கத்து இயற்பியல் மாணவர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. சில கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி (பி.எஸ்சி., சேலம்): அண்ணா, உராய்வு பள்ளிக்கூடப் பாடம்தானே? அதில் ஆராய என்ன மிச்சம் இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது தம்பி. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக் பிடித்து இறங்கும் பஸ்ஸுக்குப் பாடப்புத்தக விதி போதும்: அழுத்தம் இரட்டித்தால் உராய்வும் இரட்டிக்கும். தொடும் பரப்பு சில நானோமீட்டராகச் சுருங்கினால் கதை மாறிவிடுகிறது. 1987-இல் ஐபிஎம் ஆய்வகத்தில் மேட் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஊசி போன்ற டங்ஸ்டன் முனையைக் கிராஃபைட் மேல் இழுத்தார்கள். அணு வரிசைக்கு ஏற்ப விசை ஏறி இறங்கியது. முனை ஒரு பள்ளத்தில் ஒட்டி நின்று, வெடுக்கென்று அடுத்ததற்குத் தாவுகிறது. இரண்டு கிராஃபைட் பரப்புகளின் அணு வரிசைகள் பொருந்தாதபடி திருப்பி வைத்தால் உராய்வு ஏறக்குறைய மறைந்தே போகும். 2004-இல் நெதர்லாந்தின் லைடனில் இதை அளந்து காட்டினார்கள். ஈரமும் தூசியும் உள்ள பெரிய பரப்பில் இந்த நிலையைத் தக்கவைப்பது எப்படி என்று இன்றும் பலர் மல்லுக்கட்டுகிறார்கள்.

கேள்வி (எம்.எஸ்சி., ஆத்தூர்): என்னிடம் சாதாரண லேப்டாப்தான் இருக்கிறது. அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா அண்ணா?

பதில்: தாராளமாக முடியும்மா. பிராண்டல் என்ற ஜெர்மன் அறிஞர் 1928-இல் தந்த மாதிரியிலிருந்து தொடங்கு: அலை அலையான தளத்தில் ஒரு குண்டு, அதை ஸ்பிரிங் கட்டி இழுக்கிறோம், அவ்வளவுதான். பைத்தானில் அறுபது எழுபது வரிகளில் எழுதிவிடலாம். ஸ்பிரிங் மெலிதாக இருந்தால் குண்டு தாவித் தாவிப் போகும். கெட்டியாக இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். அப்புறம் வெப்பத்தின் உதறலைச் சேர்த்து, இழுக்கும் வேகத்தை மாற்றிப் பார்.

அது கைவந்ததும், அணுக்களின் அசைவைக் கணக்கிடும் லாம்ப்ஸ் மென்பொருளுக்குப் போ. இலவசம். சில ஆயிரம் அணுக்கள் கொண்ட இரண்டு கிராஃபீன் தாள்களை (கிராஃபைட்டின் ஓரணுத் தடிமன் அடுக்குகள்) லேப்டாப்பே தாங்கும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். தாள்களுக்கு இடையே அணுக்களின் தூரத்தை மட்டும் பார்க்கும் லெனார்ட்-ஜோன்ஸ் விசையைப் போட்டால் உராய்வு மிகக் குறைவாக வரும். அணு வரிசைகள் எப்படிப் பொருந்துகின்றன என்பதையும் பார்க்கும் கோல்மோகோரோவ்-கிரெஸ்பி வகையைப் போடு. இந்த இடத்தில் தடுக்கி விழுந்த மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (எம்.ஃபில். முடித்தவர், ஓமலூர்): பிஎச்.டி.க்கு எந்தத் தலைப்பு நல்லது?

பதில்: என்னைக் கேட்டால், வேகச் சிக்கல். சிமுலேஷனில் ஒரு காலப்படி ஏறக்குறைய ஒரு ஃபெம்டோவினாடி (நொடியை ஆயிரம் லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு). ஆய்வகத்து முனை நொடிக்கு ஒரு மைக்ரோமீட்டர் நகர்கிறது என்றால், அது ஒரு நானோமீட்டர் கடக்க நமக்கு லட்சம் கோடி காலப்படிகள் வேண்டும். அதனால்தான் கணினியில் முனையை நொடிக்கு ஒரு மீட்டர், பத்து மீட்டர் என்று விரட்டுகிறோம். அந்த விடையை ஆய்வகத்து அளவோடு நேரடியாக ஒப்பிட முடியாது. இந்த இடைவெளியை அடைக்கும் கணக்குமுறைகளுக்கு ஆள் தேவை. குவாண்டம் கணக்குகளைக் கொண்டு இயந்திரக் கற்றலால் அணுவிசைகளை உருவாக்குவதும் நல்ல வழி.

கேள்வி (அவரே): எங்கே சேரலாம்? உதவித்தொகை?

பதில்: நெட், கேட், ஜெஸ்ட் தேர்வுகள் மூன்றையும் எழுதுங்கள். ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்துச் சேராதீர்கள். வழிகாட்டியின் அண்மைக் கட்டுரைகளைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி (பி.எஸ்சி., செவ்வாய்ப்பேட்டை): அப்பா கொலுசுப் பட்டறையில் பாலிஷ் போடுகிறார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: நேரடிச் சம்பந்தம் உண்டு. பாலிஷ் என்பது தேய்மானம். 1953-இல் ஆர்ச்சர்ட் தந்த விதிப்படி, தேய்ந்துபோகும் அளவு அழுத்தத்துக்கும் உரசிய தூரத்துக்கும் ஏற்பக் கூடும். நானோ அளவில் அணுக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று போகும்போது அந்த விதி எப்போது பொருந்துகிறது, எப்போது உடைகிறது என்பது அருமையான ஆய்வு. வெள்ளிக்கான அணுவிசைக் கோப்பு லாம்ப்ஸுடனேயே வருகிறது. கெட்டியான முனை ஒன்றால் வெள்ளிப் பரப்பைக் கீறும் சிமுலேஷன் செய்து, அந்தப் படத்தை அப்பாவிடம் காட்டு. எந்த அழுத்தத்தில் கீறல் விழும், எதில் பளபளப்பு வரும் என்று அவர் கை சொல்வதைக் குறித்துக்கொள்.