ரத்தம் திரும்பும் நேரம்

ஐயா, வணக்கம். என் அண்ணனுக்குக் கல்லீரலில் கட்டி. வெட்டியெடுக்க நாள் குறித்தவர்கள், ஸ்கேனில் கொழுப்பைப் பார்த்துவிட்டு, மூன்று வாரம் கலோரி குறைத்துச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்கிறார்கள். அறுவையின்போது 15 நிமிடம் ரத்தத்தை அடைப்பார்களாம். கொழுப்பு என்பது சேமிப்புதானே, அந்த நேரத்தில் கைகொடுக்காதா? கட்டியை வைத்துக்கொண்டு காத்திருக்கலாமா? ஸ்கேனில் ‘கிரேடு 1’தான். கல்லீரலைச் சுத்தப்படுத்தும் பொடி ஒன்றும் வாங்கியிருக்கிறேன்.
— க.

அன்புள்ள க.,

பொடியைக் குப்பையில் போடுங்கள். என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத பொடி, இருக்கிற கல்லீரலையும் கெடுக்கும். கிரேடு என்பது ஸ்கேன் திரையின் வெளுப்பைக் கண்ணால் பார்த்துச் சொல்வது. அதைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள்.

‘சேமிப்பு’ என்றீர்களே, அதைத்தான் விடமாட்டேன். கொழுப்பு எரியப் பிராணவாயு வேண்டும். ரத்தம் நின்றால் அதுவும் நின்றது. அப்போது செல்லுக்கு மிஞ்சுவது குளுக்கோஸை அரைகுறையாக உடைக்கும் வழி மட்டும். ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏடிபி, அதாவது செல் செலவழிக்கும் சக்திக் காசு இரண்டு. பிராணவாயு இருந்தால் ஏறக்குறைய 30 கிடைக்கும். பூட்டிய பெட்டிக்குள் பணம் இருந்தென்ன?

அதோடு, அந்தப் பெட்டி வழியையும் அடைக்கிறது. கல்லீரல் செல்களுக்கு இடையே ரத்தம் ஓடும் நுண்குழாய்கள் 7 முதல் 15 மைக்ரான் அகலம் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சிவப்பணுவே ஏழெட்டு மைக்ரான். பெரிய கொழுப்புத் துளி ஒன்று உட்கருவை ஓரமாகத் தள்ளிவிட்டுச் செல்லை ஊதவைத்தால், அந்தக் குழாய் நசுங்கும். அடைப்புக்கு முன்பே அங்கே ஓட்டம் மந்தம்தான். அடைத்தபின் ஏடிபி தீர்ந்து, செல்லிலிருந்து சோடியத்தை வெளியேற்றும் பம்பு நிற்கிறது, செல்லுக்குள் நீர் ஏறுகிறது, இன்னும் நசுங்குகிறது. ரத்தத்தை அடைத்த கிடுக்கியை (கிளாம்பு) எடுத்தாலும் சில இடங்களுக்கு ரத்தம் போய்ச் சேருவதில்லை.

போய்ச் சேர்ந்த இடத்திலோ வேறு வம்பு. அடைப்பின்போது, செல்லின் சக்தி உலையான மைட்டோகாண்டிரியாவில் சக்சினேட் என்ற பாதி எரிந்த பொருள் குவிகிறது. பிராணவாயு வந்ததும் அது மடமடவென எரிந்து, கண்டதையெல்லாம் தாக்கும் ஆக்சிஜன் வகை மூலக்கூறுகளைக் கக்கவைக்கிறது. அவை கொழுப்பைத் தாக்கினால் சங்கிலிபோல் பரவும். கொழுப்பேறிய செல்லில் அதற்குத் தீனிக்குப் பஞ்சமில்லை. பிறகு கல்லீரலிலேயே குடியிருக்கும் காவல் செல்களான குஃப்ஃபர் செல்கள் கிளர்ந்தெழ, வெள்ளையணுக்களும் வந்து சேர்ந்து சேதத்தைக் கூட்டுகின்றன. எல்லோரும் அடைக்கும் 15 நிமிடத்தை எண்ணிப் பயப்படுகிறார்கள். அதைத் திறந்தபின் நடப்பதை யாரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை.

திறப்பதுதான் கெடுதல் என்றால் இடையிடையே திறப்பானேன் என்பீர்கள். 15 நிமிடம் அடைத்து 5 நிமிடம் விட்டால், குவியும் சக்சினேட் சிறிதாக இருக்கும்போதே தீர்ந்துவிடும். ஏடிபியும் கொஞ்சம் மீளும். கல்லீரலுக்குப் போகும் குழாய்களைப் பிடித்து ரத்தக்கசிவை நிறுத்தலாம் என்று 1908இல் எழுதியவர் பிரிங்கிள் என்ற அறுவை மருத்துவர். இடைவெளி விட்டுப் பிடிப்பது பின்னால் வந்த பழக்கம். கொழுப்பேறிய கல்லீரலில் மொத்த நேரத்தையும் சுருக்கவே பார்ப்பார்கள்.

காத்திருப்பதா? கட்டி எவ்வகை என்று தெரிந்த மருத்துவரே தள்ளிப்போட்டிருக்கிறார். கணக்குப் போட்டுத்தான் செய்திருப்பார். சந்தேகம் இருந்தால் அவரிடமே கேளுங்கள். இரண்டு மூன்று வாரக் கட்டுப்பாட்டிலேயே கல்லீரல் கொழுப்பு கண்கூடாகக் குறையும். உடல் எடை இறங்கும் வேகத்தைவிட வேகமாகவே. ஆனால் அண்ணனைப் பட்டினி போட்டுவிடாதீர்கள். கலோரிதான் குறைய வேண்டும், புரதம் குறையக் கூடாது. வெட்டியபின் மீதிக் கல்லீரல் வளர வேண்டுமே. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறார் என்றால் உணவைக் குறைக்கும் அன்றே அளவை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், தாழ்சர்க்கரையில் சுருண்டு விழுந்தபிறகு அல்ல.