மனம் சோர்ந்திருக்கும்போது ஊர்வேலையில் இறங்கினால் தெம்பு வருமா?

வரும். ஆனால் கதிரையில் இருந்து கூட்டம் கேட்பதால் அல்ல. கையால் செய்யும் வேலை வேண்டும். நீங்கள் இலங்கையின் வன்னிப் பகுதியில் இருப்பதால் சொல்கிறேன்: வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போகிறவர்களுக்குத் தண்ணீர்ப்பந்தலில் நின்று மோர் ஊற்றுங்கள். "இன்னும் கொஞ்சம் விடு மோனே" என்று செம்பை நீட்டும் ஆச்சி உங்கள் கவலையை விசாரிக்கப் போவதில்லை. ஆனாலும் அந்த நேரம் நீங்கள் அவருக்குத் தேவைப்படுகிறீர்கள். தெம்பு அங்கேதான் பிறக்கிறது.

அப்புறம், திருவிழா வருடத்தில் ஒருமுறைதான். சனசமூக நிலையம், மரண உதவிச் சங்கம், கோயில் சிரமதானம் என்று ஏதாவது ஒன்றில் தொடர்ந்து நில்லுங்கள். ஒரு நாள் போகாவிட்டால் "எங்கை ஆளைக் காணேல்லை?" என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள். எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம், அதுவும் களைப்புத்தான்.

நித்திரையே இல்லை, சாகலாம் போலிருக்கிறது என்றால் ஊர்வேலை போதாது. தேசிய மனநல உதவி எண்ணான 1926க்கு அழையுங்கள், அல்லது மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள்.