எந்த மாதத்துக்கும் 31 நாளா?

கேள்வி: சி மொழி கற்று வருகிறேன். மாதத்தின் எண்ணைக் கொடுத்தால் அதன் நாள்களைச் சொல்லும் நிரலை ஸ்விட்ச் கொண்டு எழுதினேன். 4, 6, 9, 11 என்றால் 30. 2 என்றால் 28. மற்றவற்றுக்கு டிஃபால்டில் 31. ஆனால் எதைக் கொடுத்தாலும் 31 என்றே விடை வருகிறது. இஃப்-எல்ஸில் எழுதினால் சரியாக வருகிறது. பிறகு ஸ்விட்ச் எதற்கு?

பதில்: உங்கள் நிரலில், ஸ்விட்சை விட்டு வெளியேறச் சொல்லும் பிரேக் விடுபட்டிருக்கிறது. கேஸ் என்பது எங்கே நுழைய வேண்டும் என்பதை மட்டுமே காட்டும். எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சொல்லாது. நீங்கள் 4 கொடுத்ததும் கட்டுப்பாடு, அதாவது நிரலின் ஓட்டம், அந்தக் கேஸுக்குத் தாவி, மாறியில் 30ஐ வைக்கிறது; தடுக்க எதுவும் இல்லாததால் கீழே இறங்கி அதையே 28 ஆக்கி, கடைசியில் டிஃபால்டில் 31 ஆக்கிவிட்டுத்தான் வெளியேறுகிறது. 30, 28 வைக்கும் வரிகளை அடுத்து பிரேக் சேர்த்தால் போதும். 4, 6, 9, 11 ஆகிய கேஸ்களுக்கு நடுவே சேர்த்துவிடாதீர்கள். கீழே இறங்கும் அந்தக் குணத்தால்தான் நான்கும் ஒரே வரியைப் பகிர்ந்துகொள்கின்றன.

கைதேர்ந்தவர்களும் சறுக்கும் இடம் இது. 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் தொலைதூரத் தொலைபேசிச் சேவை சுமார் 9 மணி நேரம் முடங்கியதற்கு, ஸ்விட்சுக்குள் இருந்த ஓர் இஃப்பில் இடம் தவறி அமைந்த பிரேக்தான் காரணம். கோ (Go) என்னும் நிரல் மொழியிலோ பிரேக் எழுதாமலே ஒவ்வொரு கேஸும் தானே நின்றுவிடும்.

ஒரே மதிப்பைப் பல முழு எண் மாறிலிகளோடு ஒப்பிடும்போது ஸ்விட்ச் பொருத்தமானது. எதைச் சோதிக்கிறோம் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். கேஸ்கள் அதிகமாக இருந்தால், தொகுப்பி (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர்) எந்த மதிப்புக்கு எங்கே தாவ வேண்டும் என்று காட்டும் ஒரு தாவல் அட்டவணையை அமைத்து நேரே உரிய இடத்துக்குப் போகவும் வழியுண்டு. மதிப்பெண் 60க்கு மேலா என்பது போன்ற சோதனைகளுக்கு இஃப்-எல்ஸே சரி.

உண்மையில் எனக்கு அதிகம் உறுத்துவது உங்கள் டிஃபால்ட்தான். பிரேக் சேர்த்த பின்னரும் 13 கொடுத்தால் உங்கள் நிரல் கூசாமல் 31 என்று சொல்லும். 31 நாள் கொண்ட ஏழு மாதங்களையும் கேஸ்களாகவே எழுதி, டிஃபால்டைப் பிழைச்செய்திக்கு ஒதுக்குங்கள். லீப் ஆண்டுக்காகக் கேஸ் 2இல் இஃப் சேர்த்தால், பிரேக்கை அந்த இஃப்பின் அடைப்புக்குறிகளுக்கு வெளியே வையுங்கள். உள்ளே வைத்தால், லீப் அல்லாத ஆண்டுகளில் கட்டுப்பாடு மறுபடியும் கீழே இறங்கிவிடும்.