கால்வாய்க்கரைப் பழைய வீட்டில் சுவர் ஓதம்: சிமென்ட் பூசலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் ட்ரென்ட்-மெர்சி கால்வாயை ஒட்டிய பழைய செங்கல் வீடு. பின்னால் குதிரை லாயமும் உலைக்கொட்டகையும் இருக்கின்றன. எல்லாச் சுவரிலும் ஓதம். கால்வாய்ப் பக்கம் சிமென்ட் பூசினால் நிற்குமா?

தயவுசெய்து பூசாதீர்கள். பெரும்பாலும் கால்வாய் குற்றவாளியே இல்லை. 1777-இல் முடிந்த அந்தக் கால்வாயில், நீர் கசியக்கூடிய மண் வரும் இடங்களில் களிமண்ணைத் தண்ணீர் விட்டு மிதித்துக் குழைத்து அடியிலும் பக்கத்திலும் அப்பியிருப்பார்கள். அது காய்ந்து வெடித்தாலோ மரவேர் துளைத்தாலோ கசியலாம். கால்வாயின் நீர்மட்டம் உங்கள் தரைமட்டத்துக்குக் கீழே இருந்தால், தேட வேண்டிய இடம் வேறு.

முதலில் மழை கொட்டும்போது வெளியே நின்று கூரை விளிம்புக் குழாய்கள் ஒழுகுகின்றனவா என்று பாருங்கள். அடுத்து சுவரடி. பட்டறை வைத்திருந்தவர்கள் நிலக்கரிச் சாம்பலைச் சுவரோரம் கொட்டிக் கொட்டி மண்ணை உயர்த்தியிருப்பார்கள். உள்தரையைவிட 150 மி.மீ. தாழ்வாக வரும்வரை அதை வெட்டி எடுங்கள். அஸ்திவாரத்துக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். பழைய தொழிற்கூடச் சாம்பலில் நச்சு உலோகம் இருக்கலாம், எனவே சோதித்த பிறகே அப்புறப்படுத்துங்கள்.

லாயத்தின் கதை தனி. படகிழுத்த குதிரைகளின் மூத்திரம் ஊறி, செங்கலில் நைட்ரேட் உப்பு தங்கியிருக்கும். அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். வெயிலில் வெள்ளையாகப் பூத்து, ஈரக்காற்றடிக்கும் நாளில் கருத்துப் பிசுபிசுக்கும் சுவரைக் கண்டால் இதுதான் என்று பிடித்துவிடலாம். அங்கே ஜிப்சம் பூச்சு நிற்காது. சுண்ணாம்புப் பூச்சு பூசி, உப்பு அதில் ஏறியதும் உதிர்த்துவிட்டு மறுபடி பூச வேண்டும்.

சிமென்ட் ஏன் கூடாது? பழைய சுவரின் ஈரம் செங்கற்களுக்கு இடையே உள்ள மென்மையான சுண்ணாம்புச் சந்து வழியாகத்தான் வெளியேறும். அதை அடைத்தால் ஈரம் செங்கலுக்குள்ளேயே நின்று, உறைபனியில் செங்கலின் முகம் செதில் செதிலாகப் பெயரும். இருக்கிற சிமென்ட் சந்தை உளியால் 25 மி.மீ. ஆழம் எடுங்கள். வெட்டும் மின்கருவியான கிரைண்டர் வேண்டாம், அது செங்கல் விளிம்பைத் தின்றுவிடும். நனைத்துவிட்டு, ஒரு பங்கு என்எச்எல் 3.5 சுண்ணாம்புக்கு (நீர் பட்டு இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு, எண் கூடினால் வலு கூடும்) மூன்று பங்கு சொரசொரப்பான மணல் சேர்த்து அடையுங்கள். செங்கல் மிக மென்மையென்றால் என்எச்எல் 2 போதும். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வேலையே வேண்டாம். சில நாள் ஈரச் சாக்கால் மூடி வையுங்கள்.

வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருந்தால், அதன் வளாகத்துக்குள் 1948 ஜூலை 1-க்கு முன் கட்டிய லாயமும் கொட்டகையும் சேர்ந்தே அதில் வரும். அனுமதியில்லாமல் அவற்றின் தோற்றத்தை மாற்றுவது கிரிமினல் குற்றம். எனவே உளியை எடுக்குமுன் உள்ளாட்சி அலுவலரிடம் பேசிவிடுங்கள். ஒன்பது அங்குலச் சுவர் காய ஒன்பது மாதமாவது ஆகும். அதுவரை உள்ளே பெயின்ட் வேண்டாம்.